சாப்பிடக் கூப்பிடும் எழுத்து

சிரித்த முகத்தோடு ஒருவரிடம் 'வராதே' என்று சொல்லி, அவரை உண்மையிலேயே வராமல் நிறுத்த முடியுமா? முடியும் என்று வாதிடுவது எளிது. ஆம்பூர் பிரிஸ்கில்லா இந்தக் கேள்வியை எங்கும் தேடிப் போகவில்லை. ஒரு மனிதனின் கால் விஷவாயுத் தொட்டிக்குள் பாதி இறங்கிய பிறகு அதுவே பிரிஸ்கில்லாவைத் தேடி வந்தது.

பிரிஸ்கில்லாவுக்கு முப்பத்தாறு வயது. ஏற்றுமதிக்குப் பெண்கள் காலணி தைக்கும் ஒரு தொழிற்சாலையில் பேட்டர்ன் பிரிவில் இருக்கிறார். ஒரு காலணியின் மேல்பகுதி எத்தனை துண்டுகளாகப் பிரிய வேண்டும், ஒவ்வொரு துண்டின் வடிவம் என்ன என்பதைக் கணினியில் வரைவது அவர் வேலை. அதில் கெட்டிக்காரர். ஆனால் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு சிறு சிரிப்பு வந்து ஒட்டிக்கொள்ளும். மகிழ்ச்சியில் வரும் சிரிப்பு என்று சொல்ல முடியாது. மூச்சு விடுவதைப் போல அது வரும். இதனால் ஒருமுறை வினையும் வந்தது. ஒரு துண்டின் வளைவு சரியில்லை, வெட்ட வேண்டாம் என்று இவர் சொல்லியிருந்தார். வெட்டும் பிரிவின் மேற்பார்வையாளர் வெட்டிவிட்டார். விசாரித்தபோது அவர் சொன்ன பதில் தொழிற்சாலையில் இன்றும் உலாவுகிறது: "மேடம் சிரிச்சிக்கினே சொன்னாங்க சார். ஓகேன்னு நெனச்சிட்டேன்."

பிரிஸ்கில்லா பிறகு வரைந்த தமிழ் எழுத்துரு ஒரு கைப்பழக்கத்தில் பிறந்தது. தோலை வெட்டிய ஓரத்தோடு அப்படியே தைப்பதில்லை. ஓரத்தைச் சீவி, உள்பக்கம் மடித்து ஒட்டி, பிறகே தைப்பார்கள். அந்த மடிப்புக்காக ஒவ்வொரு துண்டையும் சுற்றிலும் கொஞ்சம் கூட்டி வெட்ட வேண்டும். கணினியில் அதற்கு ஒரே ஒரு கட்டளை போதும். வடிவம் நாலாபக்கமும் ஒரே அளவு பருக்கும். கூரிய முனைகள் உருண்டுவிடும். நடுவில் துளை இருந்தால் சிறுத்துப்போகும். பேட்டர்ன் பிரிவில் பத்து வருடம் இருந்தவர்கள் யோசித்து அந்தக் கட்டளையைக் கொடுப்பதில்லை. விரல் தானாகவே கொடுத்துவிடும்.

ஒரு வருடம் சபையில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு மேடை அலங்காரம் இவர் பொறுப்பில் வந்தது. காலணியின் அடிப்பாகத்துக்கு வரும் ஃபோம் ஷீட்டில் மீந்தவற்றை, அனுமதி வாங்கி, தொழிற்சாலையின் மாதிரி வெட்டும் இயந்திரத்தில் போட்டு 'அறுப்பின் பண்டிகை' என்று எழுத்துகளாக வெட்டி எடுத்துவந்தார். சபை மண்டபத்தில் பிரித்துத் தரையில் பரப்பியபோதுதான் விரல் செய்திருந்த காரியம் தெரிந்தது. அவர் கணவர் ஜெஸ்டன் பைபாஸ் ஓரத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருப்பவர். எழுத்துகளைப் பார்த்தே பிழைப்பவர். இடுப்பில் கைவைத்துக்கொண்டு சுற்றிவந்து பார்த்தார்.

"இன்னா பிரிஸி, எழுத்தெல்லாம் பன்னு மாதிரி உப்பிக்கினு இருக்குது?"

"ஃபோல்டிங் போட்டுட்டேங்க."

"எழுத்தைப் போய் எங்க மடிச்சித் தைக்கப் போற?"

மறுபடி வெட்ட நேரமில்லை. அப்படியே மாட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணாடியைத் தேடாமல் படித்தார்கள். ஆராதனை முடிந்து, காணிக்கையாக வந்த வாழைத்தாரும் பூசணியும் கோழியும் ஏலம் போன பிறகு, யாரோ விளையாட்டாக அந்த எழுத்துகளையும் ஏலத்துக்கு விட்டார்கள். மழலையர் பள்ளி நடத்தும் கிறிஸ்டினா டீச்சர் 'அ'வை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் ஒட்டினார். பிள்ளைகள் அதைக் கட்டிப்பிடிக்கிறார்கள் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து சொன்னார். எழுத்தைப் பிள்ளைகள் பார்த்துப் பயப்படுவதும் பார்த்து எழுதுவதும் உண்டு. கட்டிப்பிடிப்பதைப் பிரிஸ்கில்லா அப்போதுதான் கேள்விப்பட்டார். மிச்ச எழுத்துகளையும் வரைவது என்று முடிவு செய்தார்.

வரைய உட்கார்ந்தபோது, தவறுதலாக வந்ததை வேண்டுமென்றே செய்வது அத்தனை சுலபமாக இல்லை. தமிழ் எழுத்து ஏற்கெனவே வளைவும் சுழியுமானது. அதைப் பருக்கவைத்தால் உள்ளே இருக்கும் வெள்ளை மூச்சுத் திணறும். 'ண'வின் சுழிகள் பொட்டாகச் சுருங்கின. 'ஞ'வில் உள்ளே வெள்ளையே மிஞ்சவில்லை. ஈரக் களிமண் உருண்டையைப் போல நின்றது. நேர்கோட்டில் வாழ்கிற 'ட' மூலை உருண்டு சோபாவின் கைபோல ஆயிற்று. பிரிஸ்கில்லா சுழிகளைக் குறைத்தார். உள் வெள்ளை எந்த எழுத்திலும் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று வைத்துக்கொண்டார். எழுத்து பருக்கிற இடத்தில் பருக்கட்டும், மூச்சுக்கு வழி வேண்டும் என்பது அவர் கணக்கு. 'ஞ' மட்டும் பல மாதம் பிடிவாதம் பிடித்தது. கடைசியில் அதன் வாலை வெளியே இழுத்துவிட்டு உள்ளே இடம் கண்டுபிடித்தார்.

முடிந்த எழுத்துருவை ஜெஸ்டனின் கடைக் கணினியில் ஏற்றினார்கள். அங்கிருந்து அது குடியாத்தம், வாணியம்பாடி, காட்பாடி என்று கடைக்குக் கடை கைமாறிப் போயிற்று. இப்போது ரயிலிலிருந்து இறங்கி எந்தக் கடைத்தெருவில் நடந்தாலும் அது கண்ணில் படும். பிரியாணிக் கடை, ஜூஸ் கடை, காதணி விழா, பள்ளி வேன், செல்போன் பழுதுபார்க்கும் இடம் எல்லாவற்றிலும் அதே பருத்த, மூலையில்லாத எழுத்து.

அதை அழகான எழுத்து என்று சொன்னால் மிகை. தனக்குரிய வேலையைக் குறைவில்லாமல் செய்கிற எழுத்து என்று சொல்லலாம். ஒரு சொல்லுக்கும் இரண்டு சொல்லுக்கும் அது பிரமாதமாக நிற்கும். தூரத்திலிருந்து கூப்பிடும். அருகில் வந்தவரைத் தட்டின் முன் உட்காரவைத்துவிடும் என்று தோன்றும். நாலு வரிக்கு மேல் போனால் திருவிழாக் கூட்டம்போல நெருக்கியடிக்கும். யார் என்ன சொல்கிறார்கள் என்றே விளங்காது. ஆலோசனை, விளக்கம், வருத்தம் எதுவும் அதற்கு வராது. பிரிஸ்கில்லாவுக்கு இது தெரியும். கண்ணீர் அஞ்சலிப் பேனருக்கு யாராவது அதைக் கேட்டால், "அது வேணாங்க, வேற நல்லதா இருக்குது" என்று ஜெஸ்டனைச் சொல்லவைப்பார். ஆனால் துக்கத்தைத் தவிர வேறு எதையும் அந்த எழுத்தால் சொல்ல முடியும் என்று அவர் நம்பினார். அது தன் கையில் பிறந்தது என்பதால் வந்த நம்பிக்கை. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தச் சமயத்தில் தோல் பதனிடும் ஒரு டேனரியிலிருந்து வேலை வந்தது. டேனரியின் மேலாளர் தன் கேட்டுக்கு எதிரே இருக்கிற ஜூஸ் கடைப் பலகையைப் பார்த்து மயங்கிப்போனவர். வளாகம் முழுக்க எல்லாப் பலகைகளும் அதே எழுத்தில் வேண்டும் என்றார். ஜெஸ்டன் எல்லாவற்றையும் அடித்துக் கொடுத்தார்: அலுவலகம், கேன்டீன், பச்சைத் தோல் கிடங்கு, கடைசியாகக் கழிவுநீர்த் தொட்டி. தொட்டிப் பலகையில் விஷவாயு இருப்பதாகவும் அனுமதியில்லாமல் மூடியைத் திறக்கவோ உள்ளே இறங்கவோ கூடாதென்றும் தமிழில் பெரிதாகவும், இந்தியில் கீழே சிறிதாகவும் இருந்தது. ஒரு மண்டையோட்டுப் படமும் போட வேண்டியிருந்தது. எழுத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று ஜெஸ்டன் அதன் தாடையையும் கொஞ்சம் உருட்டிவிட்டார்.

அந்தத் தொட்டிக்கும் பம்புகளுக்கும் பொறுப்பாளர் அப்துல் வஹீத், ஜெஸ்டனின் பழைய சிநேகிதர். பலகை மாட்டி ஒரு மாதம் ஆகியிருக்கும். வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்தவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தொழிற்சாலையிலிருந்து திரும்பியிருந்த பிரிஸ்கில்லாவும் அங்கே இருந்தார்.

"தோஸ்த், உன் போர்டுக்கு நல்ல மவுசுப்பா. பசங்க டிபன் கேரியர எடுத்துக்கினு வந்து அதுக்கு அடியிலதான் உக்கார்றாங்க."

"நிழலு இருக்குதில்ல பாய்."

"நிழலு எங்கயும்தான் இருக்குது." வஹீத் சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "இன்னிக்கி பிர்ஜுன்னு ஒருத்தன். காண்ட்ராக்ட்ல வந்தவன், பீகார். தொட்டி மூடி மேலயே உக்காந்து சாப்ட்டுக்கினு இருந்திருக்கான். போன் நழுவி மூடி சந்துல உள்ள விழுந்துடுச்சி. மூடியத் தூக்கிட்டு ஒரு கால உள்ள வச்சிட்டான். நான் பம்பு ரூம்லருந்து ஓடிவந்து காலரப் புடிச்சி இழுத்தேன். சட்டை பட்டன் எங்கியோ தெறிச்சிப் போய்டுச்சி."

ஜெஸ்டன் எழுந்துவிட்டார். "போர்டு போட்டிருக்குதே பாய்."

"அதத்தான் நானும் கேட்டேன். இன்னா சொல்றான் தெரியுமா? இது சாப்பாட்டு எடம்தானேன்றான். கேன்டீன்லயும் இதே மாதிரி இருக்குது, வெளிய ஜூஸ் கடையிலயும் இதே மாதிரி இருக்குதுன்றான். அவனுக்குத் தமிழும் தெரியாது, இந்தியும் படிக்க வராது. மண்டையோட்டப் பாத்தியாடான்னா, சிரிக்கிற பொம்மைன்னு நெனச்சானாம்."

அந்தத் தொட்டியில் இறங்கியவர் மேலே வருவதில்லை. அவரைத் தூக்க இறங்குபவரும் வருவதில்லை. இதைப் பாலாற்றங்கரையில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு எழுத்தின் முகம் தெரிவதில்லை. சொல் உடனே வந்து அதை மறைத்துவிடுகிறது. படிக்கத் தெரியாதவருக்கு முகம் மட்டுமே இருக்கிறது. பிர்ஜு அந்தப் பலகையைத் தப்பாகப் பார்க்கவில்லை. பிரிஸ்கில்லா வரைந்த முகத்தை உள்ளபடியே பார்த்து, அது அழைத்த இடத்தில் உட்கார்ந்தார்.

"வேற ஃபான்ட்டுல அடிச்சிக் கொடுத்துட்டாப் போச்சி" என்றார் ஜெஸ்டன்.

"எது சரியான ஃபான்ட்டுன்னு யாரு சொல்றது? நம்ம கண்ணு வார்த்தையப் படிச்சிடும்." பிரிஸ்கில்லாவின் வழக்கமான சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. "அவரக் கேக்கலாம் பாய். ஞாயித்துக்கிழம கூட்டினு வாங்க."

மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு டேனரிக்குப் போனார். தொட்டி மூடியைச் சுற்றி வஹீத் அதற்குள் கயிறு கட்டிப் பூட்டும் போட்டிருந்தார். "பூட்டப் படிக்கிறதுக்கு யாருக்கும் பள்ளிக்கூடம் போவத் தேவையில்ல" என்று அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் பம்பில் வேலை நடக்கிற நாளில் பூட்டு திறந்திருக்கும். அப்போது பலகைதான் காவல். பிரிஸ்கில்லா ஸ்டூல் போட்டு ஏறிப் பலகையின் திருகுகளைக் கழற்றத் தொடங்கினார். மேலாளர் வந்தார்.

"எதுக்கும்மா கழட்டுறீங்க? நல்லாத்தானே இருக்குது. எல்லாம் ஒரே மாதிரி இருந்தாத்தான் கம்பெனின்னு ஒரு பேரு."

"இது இங்க இருக்கக் கூடாது சார்" என்றார் பிரிஸ்கில்லா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மேலாளரும் சிரித்தார். "சரி சரி, வேணும்னா இன்னும் கொஞ்சம் பெருசா அடிச்சிக் குடுங்க. மாட்டிடுங்க அத."

"மாட்ட மாட்டேன் சார்." மறுபடியும் அதே சிரிப்பு. ஆனால் திருப்புளி பிடித்த கை நிற்கவில்லை. மேலாளர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு நின்றிருந்தபோதே நாலாவது திருகும் வந்துவிட்டது. பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "புதுசு திங்கக்கிழம வந்துடும் சார். அதுவரைக்கும் கயிற அவுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். மேலாளர் கெட்ட மனிதரில்லை. நடந்ததை வஹீத் விளக்கியபோது முகம் வெளிறிப் போயிற்று. பிறகு அவர் எதிர்ப்புச் சொல்லவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கடையைத் திறந்தார்கள். பிர்ஜு வந்தார். முப்பது வயதிருக்கும், மெலிந்தவர். போனை இழந்த வருத்தம் இன்னும் முகத்தில் இருந்தது. பிரிஸ்கில்லா பல தாள்களில் ஒரே எச்சரிக்கையைப் பல விதமாக அச்சிட்டுத் தரையில் வைத்திருந்தார். கேள்வி ஒன்றுதான்: இந்தப் பலகை இருக்கிற இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாயா? வஹீத் உருதுவில் கேட்டு, பதிலைத் தமிழில் சொன்னார்.

முதலில் பிரிஸ்கில்லா தன் எழுத்தையே வைத்தார். தோற்றதை ஒப்புக்கொள்ளும் முன் அதற்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்க நினைத்தார். சிவப்பில் ஒன்று.

"ஐஸ்கிரீம்ன்றான்."

கறுப்பில், தாள் நிறைய, ஒரே ஒரு சொல்லாக இன்னொன்று.

"பெரிய ஐஸ்கிரீம் கடையாம்."

ஜெஸ்டன் வாயைப் பொத்திக்கொண்டார். பிரிஸ்கில்லாவே சிரித்துவிட்டார். எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைத்தது, மஞ்சள் கட்டத்துக்குள் போட்டது, சாய்த்தது எல்லாம் வைத்துப் பார்த்தார். கல்யாண மண்டபம், பொம்மைக் கடை, மறுபடி பிரியாணி. பிர்ஜு எங்கும் தயங்காமல் சாப்பிட்டுக்கொண்டே போனார். அடுத்து, கணினியில் எப்போதும் இருக்கிற மெல்லிய அலுவலக எழுத்து.

"இது ஆபீசாம். சாப்பிட மாட்டானாம், ஆனா உக்காருவானாம். ஆபீஸ்ல எப்படியும் உக்கார வச்சிடுவாங்கன்றான்."

பிரிஸ்கில்லா ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டார். அங்கேயே கணினியின் முன் உட்கார்ந்து தன் எழுத்தைத் திறந்தார். கூட்டிய மடிப்பை முழுவதும் எடுத்துவிட்டார். எழுத்து ஒடுங்கி எலும்பாக நின்றது. அந்த எலும்பை மறுபடி பருமனாக்கினார். ஆனால் இம்முறை விளிம்பை உருள விடவில்லை. மடிப்பில்லாத, கத்தி போன வழியே வெட்டுப்பட்ட ஓரம். வளைவு வரும் இடங்களை முறித்துக் கோணமாக்கினார். முனைகளைத் தோல் சீவும் கத்தியின் வாய்போலச் சரித்தார். 'விஷவாயு இறங்காதே' என்பதற்கு வேண்டிய எழுத்துகளை மட்டும் வரைந்து, ஒரு தாளில் அடித்துப் பிர்ஜுவின் முன்னே வைத்தார்.

பிர்ஜு உட்கார்ந்திருந்த இடத்திலேயே கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வஹீத் கேட்கும் முன்பே தலையை ஆட்டினார்.

"கிட்ட போவமாட்டானாம். ஏன்னு கேட்டா தெரியலன்றான். அங்க எதுவோ இருக்குதாம்."

"அவ்வளவுதான்" என்றார் பிரிஸ்கில்லா.

திங்கட்கிழமை அந்தப் பலகை மாட்டப்பட்டது. அதன் கீழே இப்போது யாரும் உட்காருவதில்லை. நிழல் வீணாகப் போகிறது. சரியான எழுத்தைக் கண்டுபிடித்ததைவிட, தன் எழுத்தால் முடியாது என்பதை வேறொருவர் வாயால், அதுவும் சிரிப்புக்கு நடுவே கேட்டு ஏற்றுக்கொண்டதுதான் பிரிஸ்கில்லா செய்த பெரிய காரியம். தான் பெற்றதன் எல்லையை அளக்க முன்வருபவர்கள் சிலரே. கூப்பிடுகிற எழுத்து கூப்பிடட்டும் என்று அவர் விட்டுவிட்டார். கேன்டீன் பலகையை மாற்றவில்லை. உருண்டை எழுத்து முன்னைவிட அதிகமாகவே ஊரில் பரவியிருக்கிறது. அதைப் பார்க்கும்போது அவருக்கு இன்றும் பெருமைதான்.

கூரான எழுத்தைக் கேட்டுப் பலர் வந்தார்கள். கட்சிப் பேனருக்கு நன்றாக இருக்கும் என்று ஜெஸ்டனே சொன்னார். "முழுசா முடிச்சிடேன் பிரிஸி, கொஞ்சம்தானே பாக்கி" என்று அவ்வப்போது தூண்டினார். தெருவெல்லாம் தொங்கினால் அதைப் பார்த்து யார் விலகுவார்கள் என்று பிரிஸ்கில்லா முடிக்காமலே விட்டார்.

பிர்ஜுவின் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் புறப்படுகிற வாரம், வஹீதைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். கையில் ஒரு தோள்பை. அதன்மேல் தைத்துக்கொள்ளத் தன் பெயரை இந்த ஊர் எழுத்தில், தோலில் வெட்டித் தர முடியுமா என்று கேட்டார்.

"எந்த எழுத்துல வேணுமாம் பாய்?" என்றார் பிரிஸ்கில்லா.

பிர்ஜு யோசிக்கவில்லை. சுவரில் தொங்கிய காதணி விழாப் பேனரைக் காட்டினார். உருண்டை எழுத்து.

"ஜூஸ் கடை எழுத்துதான் வேணுமாம்" என்றார் வஹீத். "அவனுக்கு அதுமேல ஒரு ஆசைம்மா."

பிரிஸ்கில்லா சரியென்று தலையசைத்தார். இரண்டு நாள் கழித்து, மாதிரி வெட்டும் இயந்திரத்தில் வெட்டிய கறுப்புத் தோல் எழுத்துகளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். பிர்ஜு பிரித்தார். அவர் பெயர் கூரான எழுத்தில் இருந்தது. தொட்டிப் பலகையில் 'பி'யும் இல்லை, 'ர்' என்பதும் இல்லை, 'ஜு'வும் இல்லை. அந்தப் பெயருக்காகவே உட்கார்ந்து அவற்றைப் புதிதாக வரைந்திருக்கிறார்.

"அவன் கேட்டது இது இல்லியே" என்றார் ஜெஸ்டன்.

"இது அவரு கண்ணால வந்த எழுத்துங்க" என்றார் பிரிஸ்கில்லா. ஊசியில் நூல் கோத்து, பையை வாங்கி மடியில் வைத்து, 'பி'யிலிருந்து தைக்க ஆரம்பித்தார்.